படகுத்துறையில் முடியும் பதிப்பு

2008 ஆகஸ்டில் பிரான்ஸிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த பொருள்கள்: எனக்கு ஒரு கைக்கடிகாரம், இரண்டு சென்ட் பாட்டில், அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை, அப்பாவுக்கு ஷேவிங் செட், ஒரு டின் சாக்லேட், ஒரு டிவிடி. கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அதே வருடம் அக்டோபரில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். சாக்லேட்டைத் தின்றுவிட்டிருந்ததால், அதே மாதிரி டின்னைப் புதுச்சேரியில் கடை கடையாகத் தேடி வாங்கிவந்து அப்பா சேர்த்துவைத்தார். டிவிடியை மட்டும் அம்மா கொடுக்க விடவில்லை.

"அதப் பிரிச்சாச்சு. பிரிச்ச சாமானத் திருப்பிக் குடுத்தா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

சென்ட் பாட்டிலையும்தான் பிரித்திருந்தோம். அதை நான் சொல்லவில்லை. அன்று எதையும் சொல்லும் நிலையில் இல்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. 2004-இல் சிதம்பரத்தில் எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்து, நான்கு வருடமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்வந்து படித்தேன். முடித்த கையோடு சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பாலிடெக்னிக்கில் வேலை கிடைத்தது. வீட்டுக்கு ஒரே பெண். அப்பாவுக்கு முந்தின வருடம் நெஞ்சுவலி வந்து, சட்டைப் பையில் மாத்திரையோடு நடமாடப் பழகியிருந்தார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சில் 'நேஷனாலிட்டி' என்று சொன்னால் போதும். எந்த நாட்டு நேஷனாலிட்டி என்று யாரும் கேட்க மாட்டார்கள். புதுச்சேரி பக்கத்திலேயே இருப்பதால் வந்த பழக்கம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பையன் என்றால் மற்றத் தகுதிகளை அப்புறம் விசாரிப்பார்கள். எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டு அத்தைக்கு அப்படி ஓர் அண்ணன் இருந்தார். அத்தை எங்களுக்கு உறவில்லை. ஒரே மாதா கோவில் பங்கு, ஒரே தெருக்குழாய், அவ்வளவுதான். அந்த அண்ணன் குடும்பத்தோடு புதுச்சேரியிலிருந்து பிரான்ஸுக்குப் போனபோது அவர் மகனுக்குப் பதினான்கு வயது. அந்த மகனைத்தான் எனக்குப் பேசினார்கள். இந்தக் கட்டுரையில் 'அவர்' என்று வருவதெல்லாம் அவர்தான்.

ஆகஸ்ட் லீவில் அவர் வந்தார். வீட்டில் காப்பி கொடுத்து, பார்த்து, பிடித்துப்போய், பேசிக்கொள்ளட்டும் என்று எல்லாரும் பிச்சாவரத்துக்குக் கிளம்பினோம். 'பேசிக்கொள்ளட்டும்' என்பதன் பொருள் இது: ஒரே படகில் நானும் அவரும் ஒரு பலகையில், எங்களுக்கு முன்னால் அத்தையும் அம்மாவும் முதுகைக் காட்டிக்கொண்டு இன்னொரு பலகையில். இரண்டு முதுகுகளும் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தன. சுரபுன்னைக் கிளைகள் தாழ்ந்து வந்த இடங்களில் எல்லாரும் குனிந்தோம். அப்போதுகூட அத்தையின் காது பின்னாலேயே இருந்தது.

"ஒங்களுக்கு இங்க வேல புடிச்சிருக்குல்ல?" என்று அவர் கேட்டார்.

"புடிச்சிருக்குங்க."

"அங்க வந்தா மொதல்ல லாங்வேஜ்தான் கஷ்டம். நான் போனப்ப ஒண்ணுமே புரியாது. ஸ்கூல்ல பொம்ம மாதிரி ஒக்காந்திருப்பேன்."

"இப்ப மட்டும் என்னா, பொம்மதான்" என்றது அத்தையின் முதுகு. படகோட்டி சிரித்தார்.

அவரும் சிரித்துவிட்டு, ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். போன புதிதில் அவருடைய அப்பா தெருச் சந்தையில் ஒரு வீடியோ கேசட் வாங்கி வந்தாராம். ஊமைப்படம். பிரெஞ்சுக்காரர்கள் எப்போதோ எடுத்தது. டிவியில் வருகிற எதுவும் புரியாத அந்தப் பையனுக்கு அது ஒன்றுதான் புரிந்தது. நடுவில் வரும் எழுத்து அட்டைகளைத் தாண்டிவிட்டு, முகங்களை மட்டும் பார்த்துக் கதையைப் பிடித்துக்கொண்டாராம். கேசட் தேய்கிற வரை பார்த்திருக்கிறார். பிறகு அதையே டிவிடியாகப் போட்டபோது அதையும் வாங்கியிருக்கிறார்.

"அதுல ஒரு கயித்து ஏணி வரும். அந்தப் பொண்ணோட அப்பா ஒக்காந்து ஏணி கட்டிக்கிட்டே இருப்பாரு. அத எதுக்கு அவ்வளவு நேரம் காட்டுறாங்கன்னு எனக்கு இன்னைக்கும் புரியல."

கரைக்கு வந்ததும் பையிலிருந்து அந்த டிவிடியை எடுத்துக் கொடுத்தார். கண்ணாடித்தாள் பிரிக்காதது. புதிதாகச் சீரமைத்து அப்போதுதான் வெளியிட்டிருந்தார்களாம்.

"நீங்க இதப் பாக்கலயா?" என்றேன்.

"என்கிட்டத்தான் பழசு இருக்கே. ஒங்களுக்குன்னு வாங்குனத பிரிச்சுப் பாத்துட்டுக் குடுத்தா நல்லாவா இருக்கும்?"

அவர் அப்படிப்பட்டவர். விலைச் சீட்டைச் சுரண்டி எடுத்த தடம் அட்டையின் பின்பக்கம் இருந்தது. எங்கள் ஊரில் பரிசு கொடுக்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். பதினான்கு வயதில் இங்கிருந்து போனவர் அதை மட்டும் மறக்காமல் இருந்தார் என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

அவர் ஊருக்குத் திரும்பினார். எங்கள் வீட்டு டிவிடி பிளேயர் அந்தத் தட்டை விழுங்கி, மண்டலம் தவறு என்று திரையில் காட்டிவிட்டுத் துப்பியது. டிவிடி விற்பவர்கள் உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து வைத்திருந்த காலம் அது; பிரான்ஸ் ஒரு மண்டலம், நாங்கள் வேறு மண்டலம். பாலிடெக்னிக் லேபில் ஒரு கம்ப்யூட்டரில் மண்டலத்தை மாற்ற முடிந்தது. அதையும் ஐந்து முறைதான் மாற்றலாம். ஒன்றை இதற்காகச் செலவழித்தேன். மாலையில் வகுப்புகள் முடிந்ததும், திரையின் அடியில் வரும் ஆங்கில வரிகளை வைத்துக்கொண்டு தனியாக அந்தப் படத்தைப் பார்த்தேன்.

கதை சின்னதுதான். ஒரு சிறிய துறைமுகம். கயிறு திரிக்கும் கிழவர், அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. அவருக்கு ஒரே மகள். குளிர்காலத்தில் ஒரு கப்பல் பழுதாகி அங்கே ஒதுங்குகிறது. அதைச் சரிசெய்ய வந்த தச்சனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போகிறது. கிழவர் அந்தக் கப்பலுக்கு ஒரு நூலேணி கட்டுகிறார். கப்பல் சரியாகிறது, தச்சனோடு கிளம்புகிறது. அவள் துணிமூட்டையோடு படகுத்துறைக்கு வந்து நிற்கிறாள், கால் எழவில்லை, கப்பல் நகர்ந்து சின்னதாகிக்கொண்டே போகிறது. வெகுநேரம் அப்படியே நிற்கிறாள். பிறகு சட்டென்று ஒரு சிறு படகை அவிழ்த்துத் துடுப்புப் போடுகிறாள். துறைமுக வாயிலில் கப்பலை எட்டிவிடுகிறாள். மேலிருந்து ஏணி இறங்குகிறது. அவள் அப்பா கட்டிய அதே ஏணி. ஏறும்போது மூட்டை நழுவிக் கடலில் விழுகிறது. அது மிதந்துகொண்டே போவதோடு படம் முடிகிறது.

ஏணி எதற்கென்று இவருக்கா புரியவில்லை என்று நினைத்தேன். பதினான்கு வயதில் பார்த்ததை அப்படியே மனதில் வைத்திருக்கிறார் போல. கல்யாணத்துக்குப் பிறகு இதைச் சொல்லிக் கேலி செய்ய வேண்டும் என்று எடுத்துவைத்தேன். எடுத்துவைத்த கேலிகள் இன்னும் சில இருந்தன.

டிவிடியோடு ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. எல்லாம் பிரெஞ்சு. ஒரு பக்கத்தில் துருப்பிடித்த தகர டப்பா ஒன்றின் படம். அழகுக்காகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து மூடிவைத்தேன். எப்படியும் பிரெஞ்சு படிக்கத்தானே போகிறோம், அப்போது வாசிக்கலாம். சீரமைத்தது என்றால் கோடுகளையும் புள்ளிகளையும் நீக்கிச் சுத்தம் செய்தது என்று எனக்கு நானே பொருள் சொல்லிக்கொண்டேன். என் படிப்பு அப்படி. சிக்னலிலிருந்து இரைச்சலை எடுத்தால் மிஞ்சுவது முன்பிருந்த அதே சிக்னல்தான். இல்லாமல் போன ஒன்று திரும்பி வரும் என்று எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் போன் செய்வார். நான் கூடத்தில் உட்கார்ந்து பேசுவேன். எழுந்து மாடிக்குப் போனால் தப்பாகத் தெரியும். அம்மா சரியாக அந்த நேரத்துக்கு முருங்கைக்கீரையோ பயறோ ஆய எடுத்துக்கொண்டு எதிரில் உட்காருவாள். அதனால் எங்களுக்குப் பேசக் கிடைத்தது இவ்வளவுதான்: வெயில், குளிர், அப்பா உடம்பு, சாப்பாடு, படம். கடைசி ஒன்றில்தான் கொஞ்சம் இடம் இருந்தது.

முதல் ஞாயிறு அவர் கேட்டார். "அட்டையில நூறு நிமிஷம்னு போட்டிருந்துச்சே. என்னுது ஒண்ணேகால் மணி நேரந்தான். என்னா ஜாஸ்தியா போட்டிருக்கான்?"

அந்தக் கேள்வியில் ஒரு கதவு திறந்துதான் இருந்தது. நான்தான் பதில் தெரியும் என்று போய் அடைத்தேன்.

ஊமைப்படங்களுக்கு இன்ன வேகம் என்று நிலையாக ஒன்று கிடையாது, கையால் சுற்றியது. பழைய கேசட்டுகளில் பேசும் படத்தின் வேகத்திலேயே ஓட்டிவிடுவார்கள், ஆட்கள் குடுகுடுவென்று நடப்பார்கள். புதிய பதிப்புகளில் சரியான வேகத்துக்குக் குறைத்திருப்பார்கள். நொடிக்கு இருபத்துநான்கு படம் என்பதைப் பதினெட்டு ஆக்கினால் எழுபத்தைந்து நிமிடம் நூறு நிமிடம் ஆகும். மனக்கணக்காகவே போட்டேன். மிச்சமில்லாமல் பொருந்தியது.

"அப்ப ரெண்டும் ஒரே படந்தான்?"

"ஒரே படந்தாங்க. ஒங்களுது ஓடுது, என்னுது நடக்குது."

"இஞ்சினியரு சொன்னா சரிதான்" என்று சிரித்தார். அம்மாகூடக் கீரைக்குள் சிரித்தாள். கணக்கு இவ்வளவு அழகாக வந்தபிறகு அதைச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏதாவது ஒரு காட்சியை, கிழவர் ஏணி கட்டும் காட்சியை என்று வைத்துக்கொள்வோம், அவர் அங்கேயும் நான் இங்கேயும் கடிகாரம் வைத்து அளந்திருந்தால் போதும். கணக்கு உதைத்திருக்கும். மாணவர்களுக்கு முதல் வருடத்திலேயே அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்: கணக்கில் வந்ததை மீட்டரில் பார்.

மூன்றாவது ஞாயிறு.

"படத்த இன்னொரு தடவ பாத்தீங்களா?"

"பாத்தேங்க."

"கடைசியில அவ செஞ்சது..." என்று நிறுத்தினார். அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அங்கேயும் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார் போல. "அது சரின்னு தோணுதா ஒங்களுக்கு?"

என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. எதிரில் அம்மாவின் கை நின்றுவிட்டது.

"சரிதாங்க" என்றேன்.

"அவுங்க அப்பா இருக்காரே. அத நெனச்சுத்தான் கேக்குறேன்."

"அதெல்லாம் யோசிச்சுத்தானே அவ்வளவு நேரம் நிக்கிறா? நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"நல்லா யோசிச்சுத்தானே சொல்றீங்க?"

"ஆமாங்க."

"சரி. மனசுல உள்ளதச் சொன்னீங்க பாருங்க, அது போதும். நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல."

தப்பாக எடுத்துக்கொள்ள இதில் என்ன இருக்கிறது, வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். போனை வைத்த பிறகும் என் முகம் அப்படியே இருந்திருக்க வேண்டும்.

"என்னாடி கேட்டான்?"

"படத்தப் பத்திம்மா."

"படத்தப் பத்தியா? அதுக்கா இம்மாம் சிரிப்பு?"

என் வாழ்க்கையில் நான் ஒருவரிடம் 'உங்களோடு வருகிறேன்' என்று சொன்னது அந்த ஒருமுறைதான். அதை அம்மாவின் எதிரிலேயே, அம்மாவுக்குத் தெரியாமல் சொன்னேன் என்று எனக்கு அன்று முழுவதும் பெருமை.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு பூசை முடிந்து அத்தை வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலக்கா. அவன் இது வேணாங்குறான்."

"ஏன், என்னா கொறையாம்?" என்றாள் அம்மா.

"கொறைலாம் ஒண்ணும் இல்ல. ஒங்க பொண்ணுக்கு அப்பா அம்மாவ வுட்டு அங்க வர மனசு இல்லையாம். அத வற்புறுத்தக் கூடாதுங்குறான்."

"அப்படின்னு யாரு சொன்னா?"

"அதுவே வாயத் தொறந்து சொல்லுச்சாம்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். அப்பா உள்ளே செய்தித்தாளை மடிக்கும் சத்தம் கேட்டது.

"நா ஒண்ணும் சொல்லலம்மா."

வரன் முறிந்தால் எங்கள் ஊரில் சொல்லும் காரணங்கள் எனக்குத் தெரியும். பையனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. வீட்டில் மூத்தவருக்கு முடியவில்லை. பெண்ணுக்கே விருப்பமில்லையாம். மூன்றாவது கொஞ்சம் மோசமானது, பழியைப் பெண் வீட்டில் வைத்துவிட்டுப் போவது. அந்த ரகம் என்று முடிவு செய்தேன். அவர் எண் என் போனில் இருந்தது. ஒருமுறை அழைத்து 'நான் எப்போது அப்படிச் சொன்னேன்?' என்று கேட்டிருக்கலாம். ஆனால் அழைப்பு எப்போதும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்குப் பெண் போன் செய்தாள் என்ற பேச்சு தெருவில் எவ்வளவு நாள் ஓடும் என்பதும் தெரியும். எண்ணை அழித்தேன். கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கக் கோவிலில் பேர் கொடுக்கும் முன்பே முடிந்ததே, அதுவரை நல்லது என்றார் அப்பா. பிறகு சாக்லேட் டின் தேடப் புதுச்சேரிக்குப் போனார்.

அடுத்த மூன்று வருடங்களில் சொல்வதற்கு அதிகம் இல்லை. காலையில் பஸ், சிதம்பரம், லேப், மாலையில் பஸ். இரண்டு வரன்கள் வந்தன, போயின. அவருக்கு 2010-இல் கல்யாணம் ஆனது. அத்தை தெருவெல்லாம் கேக் கொடுத்தார், எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு துண்டு கூடுதல். அம்மா அதைப் பிரிக்காமல் குப்பைக்காரம்மாவிடம் கொடுத்தாள். அவளுக்கு அவர் 'அந்தப் பொய்க்காரன்'தான். பால் திரிந்தாலும் பஸ் தாமதமானாலும் பேச்சு எப்படியோ அங்கே போய்ச் சேரும். "எம் பொண்ணு வாயில வராத வார்த்தையச் சொன்னதா சொன்னான் பாரு" என்பாள். நான் மறுத்ததில்லை. மனதுக்குள் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன், கொஞ்சம் நாகரிகமாக.

2011 டிசம்பர் கடைசியில் வந்த புயலில் எங்கள் மாடி அறையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறந்தது. அலமாரி தண்ணீரில் ஊறியது. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மழை விட்டதும் அம்மா எல்லாவற்றையும் கொல்லைக்கு இறக்கிக் கழுவ ஆரம்பித்தாள். நான் வாளியோடு போனபோது, கழுவிக் கவிழ்த்த சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவில் டிவிடியும் கவிழ்ந்திருந்தது.

"என்னம்மா இது?"

"சேறு ஒட்டிக்கெடந்துச்சு. நார் போட்டுத் தேச்சேன். பளிச்சுன்னு ஆயிடுச்சு பாரு."

தேங்காய் நார், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, வட்ட வட்டமாக. டிவிடியை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில்தான் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்க்கவே கூடாது. சிரித்துவிட்டேன். புயலுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுவாக இருக்கலாம். சின்னப் புத்தகம் ஊறி, பக்கங்கள் ஒன்றாக ஒட்டிக் கட்டியாகிவிட்டிருந்தது.

சிதம்பரம் பக்கம் கரண்ட் வந்து பாலிடெக்னிக் திறந்ததும் அந்தத் தட்டை எடுத்துப்போய் லேபில் போட்டுப் பார்த்தேன். ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். வேறு எண்ணம் இல்லை. ஆச்சரியம், ஓடியது. டிவிடியில் தகவல் நடுவில் தொடங்கி விளிம்பை நோக்கிப் பதிவாகியிருக்கும். அம்மாவின் கை விளிம்பில்தான் நன்றாக அழுந்தியிருக்கிறது. படத்தில் அந்தப் பெண் துணிமூட்டையோடு படகுத்துறையில் நிற்கிறாள், கப்பல் நகர்கிறது, அவ்வளவுதான். படம் சதுரம் சதுரமாக உடைந்து உறைந்துவிட்டது. எத்தனை முறை போட்டாலும் அந்த இடத்திலேயே.

ஏணி இறங்குவதை ஒருமுறை பார்க்க வேண்டும் போலிருந்தது. படத்தின் பெயரை இணையத்தில் தேடினேன். யாரோ முழுப் படத்தையும் துண்டு துண்டாக ஏற்றியிருந்தார்கள். மங்கல், ஓரத்தில் கேசட் கோடுகள். கடைசித் துண்டைத் திறந்தேன். அவள் நிற்கிறாள். கப்பல் சின்னதாகிறது. நிற்கிறாள். கப்பல் புள்ளியாகிறது. படகை அவிழ்க்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். முற்றும் என்று பிரெஞ்சு அட்டை வந்தது.

ஏற்றியவர் பாதியில் வெட்டிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். கீழே கருத்துகளில் ஒருவர், படகுக் காட்சி எங்கே என்று கேட்டிருந்தார். இன்னொருவர் பதில் எழுதியிருந்தார்: இது பழைய பதிப்பு; எல்லாப் பழைய பதிப்புகளும் படகுத்துறையோடு முடியும்; கடைசி ரீல் பிறகுதான் ஒரு பண்ணை வீட்டில் தகர டப்பாவில் கிடைத்தது; சீரமைத்த பதிப்பில் மட்டும் அது உண்டு.

நான் செய்த முதல் காரியம், ஏணி கட்டும் காட்சியை இரண்டிலும் ஓடவிட்டுப் போனில் நேரம் பார்த்தது. வேகத்தில் வித்தியாசம் இருந்தது. ஆனால் நான் போட்ட அளவுக்கு இல்லை. மிச்சம் அந்தக் கடைசி ரீல். மூன்று வருடத்துக்கு மேல் தாமதமாகச் சரிபார்த்தேன்.

கடலூருக்குத் திரும்பும் பஸ் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டி, விழுந்து கிடந்த மரங்களுக்கு நடுவில் ஊர்ந்து போனது. அவர் போனில் சொன்ன ஒவ்வொரு வரியையும் எடுத்து, படகுத்துறையில் முடியும் கதையின் மேல் வைத்துப் பார்த்தேன். அப்பா இருக்காரே. நல்லா யோசிச்சுத்தானே சொல்றீங்க. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல. ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. அவர் பதினான்கு வயதிலிருந்து பார்த்துவந்த பெண், அப்பாவை விட்டுப் போக முடியாமல் கரையில் நின்றவள். 'நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்' என்று அவரிடம் சொன்னேன். அவர் அதற்கு மேல் என்ன கேட்பார்? வற்புறுத்தக் கூடாது என்று ஒதுங்கினார். அவர் பொய் சொல்லவில்லை. என் வாயால்தான் சொல்லியிருந்தேன்.

நேரில் பேசியிருந்தால், மாடிக்குப் போய்ப் பேசியிருந்தால், அவர் அந்தக் கண்ணாடித்தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்திருந்தால். இப்படி அடுக்கிக்கொண்டே போனேன். புதுச்சத்திரம் வரும்போது நிறுத்திவிட்டேன். அவருக்கு அப்போது கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருந்தது.

அன்று மாலை மெழுகுவத்தி வெளிச்சத்தில் அம்மாவுக்கு முழுக் கதையையும் சொன்னேன். படத்தின் கதை, இரண்டு முடிவுகள், நான் போனில் சொன்னது, சொன்னதன் பொருள். முடித்தபோது அம்மா மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்தப் புள்ள பொய் சொல்லல."

"இல்லம்மா."

"நா அவன எம்மாம் பேச்சுப் பேசிட்டேன்." பிறகு வேறு ஒன்று தோன்றி நிமிர்ந்தாள். "அந்தத் தட்ட நாந்தானே தேச்சுக் கெடுத்தேன்? தேய்க்காம இருந்தா..."

"தேய்க்காம இருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதும்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒன்று: அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அவரைத் திட்டவில்லை.

2012 ஆகஸ்டில் அவர் மனைவியோடும் குழந்தையோடும் அத்தை வீட்டுக்கு வந்திருந்தார். பூசை முடிந்து கோவில் முற்றத்தில் எதிர்ப்பட்டோம். ஒதுங்கிப் போக இடமும் இல்லை, போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. அவர் கொஞ்சம் சதை போட்டிருந்தார். மனைவி புதுச்சேரிக்காரர், சிரித்த முகம்.

"நல்லா இருக்கீங்களா? வேலையெல்லாம்?"

"அதே பாலிடெக்னிக்தாங்க."

"அப்பாவுக்குப் பரவாயில்லையா?"

"நல்லா இருக்கார்."

அப்பாவைப் பற்றி அவர் உண்மையான அக்கறையோடு கேட்டார். எனக்காக நான்கு வருடம் முன்பு விட்டுக்கொடுத்த ஒன்று வீணாகவில்லை என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் கேட்பது போல.

"அந்தப் படம் இன்னும் வச்சிருக்கீங்களா?"

"இருக்குங்க. கடைசி மட்டும் ஓட மாட்டேங்குது. கீறல்."

"அதனால என்ன, கடைசிதான் நமக்குத் தெரியுமே" என்றார்.

பக்கத்தில் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.

"ஆமாங்க" என்றேன்.

"எனக்கு அந்த ஏணிதான் இன்னும் புரியல" என்று அவர் மனைவியிடம் திரும்பிச் சிரித்தார். மனைவிக்கு இது பழகிய பேச்சு போலிருந்தது. அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டு குழந்தையை மறுதோளுக்கு மாற்றினார்.

அம்மா என் கையை விடுவித்துக்கொண்டாள். "குடும்மா, கொஞ்ச நேரம் நா வச்சிருக்கேன்" என்று குழந்தைக்குக் கைகளை நீட்டினாள்.